புது பேட்டரி போட்டும் கார் மக்கர் பண்ணுகிறதா? ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள்!

நவம்பர் மாத மழை. மாலை ஏழு மணி. சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி நாவலூரை நோக்கி ஓ.எம்.ஆரில் கார்கள் நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அதில் ஒரு காரில் கணவன், மனைவி, பின் சீட்டில் டியூஷன் முடித்த மகள்.

“என்னங்க, ஏ.சி. காத்து கம்மியாகுதே?”

“மழைக்குக் கண்ணாடி மூடியிருக்குல்ல... அப்படித்தான் இருக்கும்.”

சிறிது நேரத்தில் வைப்பர் சோம்பலாக ஆடுகிறது. ஹெட்லைட் மஞ்சளாக மங்குகிறது. ஸ்டீயரிங் திடீரென்று கனக்கிறது. டேஷ்போர்டில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிகின்றன. அடுத்த நிமிடம் இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ‘டிக்... டிக்...’ என்ற சத்தம் மட்டும்தான். பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு ஹார்ன்.

“போன மாசம்தானே புது பேட்டரி போட்டோம்!” என்கிறார் மனைவி.

கற்பனைக் காட்சிதான். ஆனால் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி. இந்தக் கதையில் பேட்டரி மேல் தப்பே இல்லை. பானட்டுக்கு அடியில், பெல்ட்டோடு சேர்ந்து சத்தமில்லாமல் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் பலவீனமாகிவிட்டது. பழைய மெக்கானிக்குகள் பலர் இன்றும் அதை ‘டைனமோ’ என்றுதான் சொல்வார்கள். “சார், பேட்டரி நல்லாத்தான் இருக்கு. டைனமோ சார்ஜ் ஏத்தல” என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது இதைத்தான்.

தொட்டியும் மோட்டாரும்

நாவலூர், தாழம்பூர், சிறுசேரி பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். பேட்டரி என்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. ஆல்டர்னேட்டர் என்பது அதை நிரப்பும் மோட்டார். காலையில் காரை ஸ்டார்ட் செய்யும்போது தொட்டியிலிருந்து ஒரு பெரிய வாளி எடுக்கிறோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும், எடுத்ததைத் திரும்ப நிரப்புவதும், ஹெட்லைட், ஏ.சி., வைப்பர், எரிபொருள் பம்ப், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பதும் ஆல்டர்னேட்டரின் வேலை.

மோட்டார் கெட்டுப்போன வீட்டில் புதுத் தொட்டி வாங்கி, லாரித் தண்ணீரும் நிரப்பிவைத்தால் என்ன ஆகும்? இரண்டு நாளைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அப்புறம் தொட்டி காலி. ஆல்டர்னேட்டரைப் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவதும் அதே கதைதான்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. முழுதாக சார்ஜ் ஏறாமல், அரைகுறையாகவே ஓடும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டியாகப் படிந்துவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பேட்டரி பழைய பலத்துக்கு வராது. அதாவது, பலவீனமான ஆல்டர்னேட்டர் புது பேட்டரியையும் சில மாதங்களில் கிழவனாக்கிவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. இன்ஜினின் பெல்ட் ஒரு காந்தச் சுருளைச் சுற்றவைக்கிறது. இதற்கு ரோட்டார் என்று பெயர். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டார் கம்பிச் சுருளில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. டயோடுகள் அதை பேட்டரிக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் என்ற சிறு பாகம், வோல்டேஜ் 14 வோல்ட்டைச் சுற்றியே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. ரோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை கார்பன் பிரஷ்கள். இவை உராய்ந்து உராய்ந்து தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை.

அந்தக் கால அம்பாசிடர், பியட் கார்களில் இருந்தது நிஜமான டைனமோ. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கி, கிளம்பினால் பிரகாசமாகும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவால் போதிய மின்சாரம் கொடுக்க முடியாது. சிலிக்கான் டயோடுகள் வந்த பிறகுதான் ஆல்டர்னேட்டர் காருக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ல் வேலியன்ட் காரில் அதை அறிமுகப்படுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டே, 1961-ல், நம் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கப்பட்டது. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் பெயரில்தான் பாடி பகுதிவாசிகள் பஸ் நிறுத்தத்தையே சொல்வார்கள்.

ஓ.எம்.ஆர். பயணம் ஏன் சோதனை?

ஆல்டர்னேட்டர் வந்த பிறகும் ஒரு விஷயம் மாறவில்லை. இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது அதனால் முழு பலத்தைக் காட்ட முடியாது. 70 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஆல்டர்னேட்டர், நின்றுகொண்டிருக்கும் காரில் அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் கொடுக்கும். சில ஆண்டுகளாக மெட்ரோ ரயில் பணியால் ஓ.எம்.ஆரின் பல இடங்களில் சாலை குறுகி, வண்டிகள் நின்று நின்று போவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் நாவலூர் டோல் வசூல் நின்றது. டிராஃபிக் நிற்கவில்லை!

இரவில் மழையோடு ஏ.சி. ஃபேன், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆரோக்கியமான ஆல்டர்னேட்டர் சமாளித்துவிடும். தேய்ந்துபோனது திணறும். பற்றாக்குறையை பேட்டரி ஈடுகட்டும். அந்த பேட்டரியும் தீர்ந்ததும் கார் நின்றுவிடும். அதனால்தான் வெயில் காலப் பகலில் ஒழுங்காக ஓடிய கார், ஐப்பசி மழை இரவில் காலை வாருகிறது.

வெள்ளமும் ஒரு காரணம். பல கார்களில் ஆல்டர்னேட்டர் இன்ஜினின் கீழ்ப்பக்கம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் தென்சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சேற்றுத் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்தால், அன்றைக்கே தெரியாது. சில மாதம் கழித்து ‘கொர்...’ என்ற சத்தமாக வெளியே வரும்.

கார் முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகள்

* சாவியை ஆன் செய்ததும் எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, ஓடும்போது மினுக்கினாலோ உடனே கவனிக்க வேண்டும்.
* நிற்கும்போது ஹெட்லைட் மங்கி, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பளிச்சென்று ஆவது.
* பவர் விண்டோ மெதுவாக ஏறுவது, சிக்னலில் ஏ.சி. காற்று குறைவது.
* காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட்டிலிருந்து ‘கீச்’ என்ற அலறல், அல்லது ரப்பர் கருகும் வாசனை.
* சம்பந்தமே இல்லாமல் ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் போன்ற பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிவது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் முழுதாகச் செத்துப்போனால்தான் பெரும்பாலும் சிவப்பு விளக்கு எரியும். ஒரு டயோடு மட்டும் போய், பாதி பலத்தில் ஓடினால் விளக்கு எரியாமலேயே இருக்கலாம். “விளக்கு எரியலையே, அப்ப எல்லாம் சரிதான்” என்ற நம்பிக்கைதான் பலரை நடுரோட்டில் நிறுத்துகிறது.

பத்து நிமிடப் பரிசோதனை

இதற்குத் தேவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் குமிழை வையுங்கள். சிவப்பு ஒயர் மீட்டரில் வோல்ட் துளையில்தான் இருக்க வேண்டும். ஆம்பியர் துளையில் இருந்தால் பேட்டரியில் வைத்ததும் தீப்பொறி பறக்கும். சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை மைனஸிலும் வைத்தால் போதும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகை உயிருக்கே ஆபத்து.

முதல் அளவு: காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

இரண்டாவது: வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் இறங்கும். 10 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் பரவாயில்லை. 9.6-க்கும் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகம் வரும்.

மூன்றாவது: இன்ஜின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பிருந்த அதே 12 சொச்சத்தில் நின்றால் ஏறவில்லை.

நான்காவது அளவுதான் முக்கியமானது. ஹெட்லைட் ஹை பீம், ஏ.சி. ஃபேன் முழு வேகம், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1500 முதல் 2000 ஆர்.பி.எம். வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்போதும் 13.5-ஐ ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டர் தெம்பாக இருக்கிறது. 13-க்குக் கீழே நழுவி, மேலும் இறங்கிக்கொண்டே போனால் பலவீனம் உறுதியாகிறது. சும்மா ஓடவிட்டு மட்டும் பார்த்தால் இந்தப் பலவீனம் பிடிபடாது.

மாறாக 15 வோல்ட்டைத் தாண்டிப் போனால், ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். பேட்டரி சூடாகி, அழுகிய முட்டை வாசனை வரும். அந்தக் காரை ஓட்டக் கூடாது.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இப்போது வரும் பல மாடல்களில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்பதை கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த சில நேரம் வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைக்கும். பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சிறிய சென்சார் இருந்தால் உங்கள் காரும் இந்த வகையாக இருக்கலாம். அப்படியென்றால் மீட்டரை மட்டும் நம்பாமல், ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் காட்டுங்கள்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்...

சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் பெல்ட். வெடிப்பு, வழவழப்பு, எண்ணெய்க் கசிவு, தளர்வு இருக்கிறதா? அடுத்து பேட்டரி முனைகள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு பெரிய ஃபியூஸ், ஆல்டர்னேட்டரின் பிளக், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர்.

ஒயரில் கோளாறா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா லோடும் போட்டு இன்ஜின் ஓடும்போது, ஆல்டர்னேட்டரின் பெரிய பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் இடையே அளக்க வேண்டும். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகும் என்பதால் இதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. வித்தியாசம் 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினால், மின்சாரம் வழியிலேயே வீணாகிறது. அப்போது ஒயரைச் சரிசெய்தாலே போதும், ஆல்டர்னேட்டர் தப்பித்துவிடும்!

பழைய வகைக் கார்கள் பலவற்றில் இன்னொரு வேடிக்கை. டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரமே போகும். சாவியை ஆன் செய்தும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், சிறிய பல்ப் ஒன்று போனதுகூட சார்ஜ் ஏறாததற்குக் காரணமாக இருக்கலாம்.

செய்யவே கூடாத ஒன்று: இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது. “கழட்டியும் வண்டி ஓடினா டைனமோ நல்லா இருக்கு” என்பது கார்களில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்துச் சோதனை. இன்று அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரே பாய்ச்சலில் பல மடங்கு எகிறி, டயோடையும் இன்ஜின் கம்ப்யூட்டரையும் சேர்த்து எரித்துவிடலாம். யாராவது செய்ய வந்தால், “வேணாம்ணே, மீட்டர் வெச்சுப் பாருங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ரிப்பேரா, புதுசா?

நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் பலம் இங்கேதான். ஆல்டர்னேட்டரைப் பிரித்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றத் தெரிந்தவர்கள் தாம்பரத்திலும் கேளம்பாக்கத்திலும் இருக்கிறார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் செலவு மிகக் குறைவு. பேரிங், ரெகுலேட்டர், டயோடு பிளேட் ஆகியவற்றையும் தனித்தனியே மாற்றலாம்.

எது கெட்டது என்பதற்கு அறிகுறியே துப்பு கொடுக்கும். ‘கொர்’ சத்தம் என்றால் பேரிங். ஒருநாள் ஏறி ஒருநாள் ஏறாமல் கண்ணாமூச்சி காட்டினால் பிரஷ்ஷாக இருக்கலாம். நிறுத்தி வைத்த காரில் ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி இறங்கினால், டயோடு வழியாக மின்சாரம் கசியலாம். அதே நேரம், தனியாகப் பொருத்திய டேஷ் கேமரா போன்றவையும் அந்தத் திருட்டைச் செய்யும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி பாருங்கள்.

ஸ்டேட்டாரின் கம்பிச் சுருள் கருகியிருந்தாலோ, வெள்ளத்தில் ஊறி உள்ளே துருப்பிடித்திருந்தாலோ புதிதாக மாற்றுவதே நிம்மதி. புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கினால், பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லி, பில்லும் கேளுங்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிய பிறகுதான் மற்ற எதையும் தொட வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு வரும் பெரிய ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் அதிலும் இன்ஜினிலும் ஒரே நேரத்தில் பட்டால் நெருப்புதான். பெல்ட்டைக் கழற்றும் முன், அது எந்தெந்த புல்லி வழியாகப் போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆம்பியர் அளவு, பிளக்கின் பின்கள், புல்லியின் வரிகள், போல்ட் துளைகள் நான்கும் பொருந்த வேண்டும். பெல்ட் பழையதாக இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். தனியாக மாற்றினால் இரண்டாவது கூலி.

கடைசியாக, முக்கியமான ஒன்று. முழுதாக இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு புது ஆல்டர்னேட்டரை ஓட்டாதீர்கள். அது பேட்டரியை நிரப்ப மணிக்கணக்கில் முழு பலத்தில் உழைத்து, சூடேறி, சீக்கிரமே பழுதாகும். பேட்டரியைத் தனி சார்ஜரில் நிரப்பிவிட்டுப் பொருத்துங்கள்.

நடுரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால்?

இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஏ.சி., பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரவென்றால் ஹெட்லைட்டை மட்டும் நிறுத்தக் கூடாது. சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, எல்லாமே ஓடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தேவையில்லாததை நிறுத்தினால் வெளிச்சமான, பாதுகாப்பான ஒரு பங்க் வரைக்கும் போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

அப்போது டெம்பரேச்சர் முள்ளையும் பாருங்கள். சில கார்களில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றும். பெல்ட் அறுந்திருந்தால் இன்ஜின் சூடேறும். முள் ஏறினால் தாமதிக்காமல் ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கினாலும் நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம்கட்டி, குடும்பத்தை சாலைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த நான்கு அளவுகளையும் எடுத்துப் பாருங்கள். தேதியோடு எழுதி கார் டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்த வருடம் அதே சோதனையில் எண் குறைந்திருந்தால், நடுரோட்டில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அடுத்தமுறை யாராவது “பேட்டரி போச்சு சார், மாத்திடலாமா?” என்று கேட்டால், பர்ஸை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள்!